ஆஜராகாத சிவப்பு விளக்கு

ஸ்டீயரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்தபோதுதான் அந்தக் குரல் வந்தது.

முதலில் ஒரு முனகல். அப்புறம் யாரோ கழுத்தைப் பிடித்துவிட்ட பெண் திமிறிக்கொண்டு கத்துவதைப் போல நீண்ட வீறிடல். கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, சக்கரம் நேரானதும் குரல் பட்டென்று நின்றது. மாலை நாலு மணி. கண்ணாடியில் தூறல் விழும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

ஓட்டிவந்த பல் டாக்டர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கேட்டீங்களா?" என்றார், முன்பக்கமே பார்த்துக்கொண்டு. "அது என் சம்சாரம்."

பின் சீட்டிலிருந்து லொடுக்கு எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, நான் இறங்கி நடந்தே வர்றேன்."

"வீட்டுக்குத்தான் வந்தாச்சே, தம்பி."

"நான் சொல்றது நம்ம வீட்டுக்கு."

முன் சீட்டிலிருந்த சர்வேயரம்மா சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளை மதிப்பிட்டவர் அவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் ஜனங்களுக்கு அவர் சர்வேயரம்மாதான். லொடுக்கு அவருடைய கணவரின் தம்பி. நாற்பத்தைந்து வயதுக்குள் ஒன்பது வேலை பார்த்து, ஒன்பதையும் வாயால் கெடுத்துக்கொண்டு, பத்தாவதாக அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன்.

டாக்டர் இறங்கச் சிரமப்பட்டார். சீட் அவ்வளவு முன்னால் தள்ளியிருந்தது. ஆறடி மனிதரின் முழங்கால்கள் டாஷ்போர்டில் இடித்தன.

"சீட்டைப் பின்னால தள்ளிக்கலாமே டாக்டர்?"

"அவ உயரத்துக்கு வச்சது" என்றார் அவர். "அப்படியே இருக்கட்டும்."

கிளினிக் வீட்டின் முன்னறையில்தான் இருந்தது. நோயாளி சாயும் நாற்காலிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. மேஜையில் ஒரு பெண்ணின் செல்போன் சார்ஜில் கிடந்தது. நூறு சதவீதம் காட்டியது.

"தினமும் சார்ஜ் போடுவேன்" என்றார் டாக்டர், கேட்காமலே. "யாரும் கூப்பிட மாட்டாங்க. இருந்தாலும்."

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழைநாள் காலை, மனைவிக்கும் அவருக்கும் சண்டை. அவள் காரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். மலைப்பாதையில் இறங்கும்போது, கீழே ஏரி தெரியும் இடத்தில், இடது பக்கம் ஒரு கூரிய வளைவு. கார் வளையவே இல்லை. தடுப்புக் கல்லைத் தாண்டி நேராகச் சரிவில் இறங்கி மரத்தில் மோதியது.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"சக்கரம் நேரா இருந்துச்சாம். பிரேக் போட்ட தடம் இல்லையாம்."

"மழையில தடம் எப்படி நிக்கும்?"

"விபத்துன்னுதான் எழுதினாங்க. ஆனா ஊரே வேற மாதிரி பேசுது. என் மச்சான் எல்லார் எதிர்லயும் என்னைப் பார்த்து, 'என் தங்கச்சியைச் சாக அடிச்சுட்டியே'ன்னார். என் பொண்ணுக்குப் பதினாறு வயசு. அன்னிலேருந்து மாமா வீட்டுலதான் இருக்கா. எட்டு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அம்மா தன்னை வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டான்னு நினைக்கிறா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டியை ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வந்த அன்னிலேருந்து இந்தக் கத்தல். விக்கச் சொல்றாங்க. அவ என்ன சொல்றான்னு தெரியாம எப்படி விக்கறது?"

"அன்னிக்குச் சண்டை எதுக்கு?"

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சின்ன விஷயம். ஞாபகமில்லை."

நாள் தவறாமல் செத்தவளின் போனுக்குச் சார்ஜ் போடுகிற மனிதருக்கு அவளோடு போட்ட கடைசிச் சண்டை ஞாபகமில்லை. சர்வேயரம்மா அதை மனதுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

"கார் சாவியைக் கொடுங்க. கொஞ்ச நேரம் நாங்க வச்சுக்கறோம்."

வெளியே வந்ததும் லொடுக்கு குரலைத் தாழ்த்தினான். "பல்லு பிடுங்கறவருக்கே பல்லு கிட்டிப்போச்சு பாருங்க. யாரைப் போய்ப் பார்க்கறது அண்ணி? பேயோட்டறவனையா?"

"எதிர் ஜன்னலை."

எதிர்வீட்டின் ஜன்னல் டாக்டரின் கேட்டைப் பார்த்தபடி இருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா பல்லில் கடித்த நூலோடு கதவைத் திறந்தார்.

"அந்தக் கத்தலா? அது எனக்குப் பழகிப்போச்சும்மா."

"எட்டு மாசமா கேக்கறீங்களே, பழகாதா பின்னே?" என்றான் லொடுக்கு.

"எட்டு மாசம்தான்னு யார் சொன்னா? அந்தம்மா உயிரோட இருந்தப்பவே கத்துமே!"

லொடுக்கு வாயைத் திறந்தான். சர்வேயரம்மா கையை உயர்த்தி அதை மூடினார்.

"எப்பலேருந்து?"

"அவங்க போறதுக்கு ஒரு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிச்சுது. பத்து மணிக்கு வண்டியை வெளிய எடுப்பாங்க. கேட்டுல திருப்பறப்ப கீச்சுன்னு கத்தும். என்னை ஜன்னல்ல பார்த்துட்டு, 'என்னை விட இதுக்கு வாய் ஜாஸ்தி'ன்னு சிரிப்பாங்க. டாக்டருக்கு அது கேட்டிருக்காது. அந்த நேரத்துல யார் வாயிலயாவது மெஷினை விட்டுக் குடைஞ்சிட்டிருப்பார்." தையல்காரம்மா நூலைத் துப்பினார். "பாவம், அந்த வண்டி மேல உசிரையே வச்சிருந்தாங்க. ஸ்டீயரிங்குக்கு உறை கூட என்னைத்தான் தைக்கச் சொன்னாங்க. வண்டிக்குள்ள உக்காந்து கையாலயே தச்சேன். தையல் வாய் அடிப்பக்கம் வரணும்னாங்க. மேல இருந்தா உள்ளங்கையை உறுத்துதாம்."

"அடிப்பக்கமா? நிச்சயமா?"

"நான் தச்சது எனக்குத் தெரியாதா?"

தெருவைக் கடக்கும்போது சர்வேயரம்மா கேட்டார். "செத்தப்புறம் கத்தினா பேய்னு வச்சுக்கலாம். சாகறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கத்தினா, அது என்ன?"

"அவசரக்குடுக்கைப் பேய்."

"ஸ்பேர் பார்ட், தம்பி."

காருக்குள் அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். இறந்தவளின் உயரம் அவருக்குச் சரியாக இருந்தது. அந்த எண்ணம் பிடிக்காமல் சற்று நெளிந்தார். சக்கரங்கள் நேராக நின்றிருந்தன. ஆனால் உறையின் தையல் அடிப்பக்கத்தில் இல்லை. வலது பக்கம், கை பிடிக்கும் உயரத்துக்கு ஏறியிருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்தார். சாவியைப் பாதி திருப்பினார். இன்ஜின் கிளம்பவில்லை. டாஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாகப் படங்கள் எரிந்தன.

"ஐயையோ, இத்தனை கோளாறா?" என்றான் லொடுக்கு.

"கோளாறு இல்லை. கிளப்பறதுக்கு முன்னாடி எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு தடவை எரிஞ்சு காட்டணும். நான் வேலை செய்யறேன்னு."

"ஓ, ஆஜர் எடுக்கறாங்க. உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா."

"அதேதான். இன்ஜின் கிளம்பினதும் அணைஞ்சிடணும். ஓடறப்ப எரியற விளக்கைப் பார்த்து எல்லாரும் பயப்படுவாங்க. நான் பயப்படறது இப்ப எரியாததைப் பார்த்து. சொல்லு, யார் வரலை?"

லொடுக்கு தலையை நீட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ஆயில் கேன் வந்திருக்கு. பிரேக் வந்திருக்கு. ஏர்பேக், இன்ஜின் படம்... பேட்டரி! பேட்டரி படம் இருட்டா இருக்கு அண்ணி." பிறகு முகம் சுளித்தான். "ஆனா நாம வந்தது ஸ்டீயரிங் கத்தறதுக்கு. பேட்டரிக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்திங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே பெல்ட். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கற ஆல்டர்னேட்டரையும், ஸ்டீயரிங்கை லேசாக்கற பம்பையும் இந்த வண்டியில ஒரே பெல்ட்தான் சுத்துது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிச்சா பம்புக்குப் பாரம் ஏறும். பெல்ட் வழுக்கும். வழுக்கினா கத்தும்."

"பெல்ட் அறுந்தா?"

"சார்ஜ் நின்னு பேட்டரி விளக்கு எரியும். ஸ்டீயரிங் கல்லாயிடும்."

லொடுக்கு இருட்டாக இருந்த அந்தச் சின்னப் படத்தையே பார்த்தான். மழை இப்போது கொஞ்சம் வலுத்திருந்தது.

அந்தக் காரை ரிப்பேர் பண்ணிய மெக்கானிக் ஷெட் நாலு தெரு தள்ளி இருந்தது. நாலு திருப்பத்திலும் கார் கத்தியது. குடைக்குள் போன ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே கார் நுழைந்ததும் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஐம்பது வயது. முகத்தில் கிரீஸ் இல்லாத இடங்கள் வெளுத்துப்போயின.

"டாக்டர் வரலையா?"

"வரலை. டாஷ்போர்டு மீட்டரைக் கழட்டுங்க."

"எதுக்கும்மா? மீட்டர் நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க கழட்டறீங்களா, இல்ல நான் கழட்டட்டுமா? நான் கழட்டினா எழுதிக்கிட்டே கழட்டுவேன்."

நாலு திருகாணி. மெக்கானிக்கின் விரல்கள் அவற்றில் இரண்டைத் தவறவிட்டன. மீட்டரைத் திருப்பிப் பிடித்ததும் லொடுக்கு டார்ச்சை அடித்தான். பேட்டரி படத்துக்குப் பின்னால், நகமளவுக்கு, கறுப்பு இன்சுலேஷன் டேப். ஓரங்களை ஒழுங்காக வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"வாயில பிளாஸ்திரி" என்றான் லொடுக்கு.

மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"விபத்துக்கு அப்புறம் வண்டி இங்கதான் வந்துச்சு" என்றார் சர்வேயரம்மா. "பானெட்டைத் திறந்தப்ப அந்த பெல்ட் எப்படி இருந்துச்சு?"

மெக்கானிக் கிரீஸ் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"மோதினதுல அறுந்திருந்தா அங்கேயே தொங்கிட்டிருக்கும். எப்படி இருந்துச்சு?"

"இல்லைம்மா."

"என்ன இல்லை?"

"பெல்ட்டே இல்லை. எங்க தேடியும் இல்லை." அவர் குரல் கூரைச் சத்தத்தில் பாதி கரைந்தது. "மேல ரோட்டுலயே எங்கயோ அறுந்து விழுந்திருக்கணும். அதுக்கப்புறம் அவங்க அந்த இறக்கம் முழுக்க பெல்ட் இல்லாமத்தான் வந்திருக்காங்க. நேர் ரோட்டுல வித்தியாசம் தெரியாது. அந்த வளைவுலதான்... எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சும்மா. புது பெல்ட்டைப் போட்டு அனுப்பிட்டேன். பம்போட புல்லி, அதான் பெல்ட் ஓடற சக்கரம், கோணலா ஓடுது. அதான் பழைய பெல்ட்டைத் தின்னுச்சு. இதையும் தின்னுக்கிட்டிருக்கு. புல்லியை மாத்தினா ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க. பயந்துட்டேன்."

"அந்தம்மா முதல்ல வந்து என்ன சொன்னாங்க?"

"பேட்டரி லைட் விட்டு விட்டு எரியுதுன்னாங்க. நான் புது பேட்டரி போட்டேன். அப்பவும் எரிஞ்சுது. பெல்ட்டைப் பார்த்திருக்கணும். பார்க்கலை. அன்னிக்கு எட்டு வண்டி நின்னுச்சு."

"அதனால டேப்பை ஒட்டி மறைச்சுட்டீங்க."

"நானா ஒட்டலைம்மா." மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "என் குத்தத்தை நான் இப்ப மறைக்கலை. ஆனா ஒட்டச் சொன்னது நான் இல்லை. ஒருத்தர் போன் பண்ணினார். 'பேட்டரிதான் புதுசு போட்டாச்சே, அப்புறம் என்ன? அந்த லைட்டைப் பார்த்துப் பார்த்து பயந்து சாகறா. மறைச்சு விட்டுடு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடு'ன்னார்."

"யாரு?"

"டாக்டர்தான்."

திரும்பி வரும்போது கார் கத்தியது. லொடுக்கு தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

டாக்டர் கிளினிக்கில், உறை போட்ட அந்த நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். சர்வேயரம்மா அந்த டேப் துண்டை டாக்டரின் கருவித் தட்டில் வைத்தார். பெல்ட்டைச் சொன்னார். பம்பைச் சொன்னார். டாக்டர் அசையாமல் கேட்டார்.

"பெல்ட் அறுந்த நிமிஷமே அந்த விளக்கு எரிஞ்சிருக்கும். அவங்க பயந்த சுபாவம். வளைவுக்கு ரொம்ப முன்னாடியே ஓரமா நிறுத்தியிருப்பாங்க."

"நான் என்ன கண்டேன்?" டாக்டர் சாய்விலிருந்து நிமிர்ந்தார். "பேட்டரிக்கும் ஸ்டீயரிங்குக்கும்... எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. அவங்க சொன்னாங்களா?"

அவர் தட்டிலிருந்த டேப் துண்டை விரலால் புரட்டினார்.

"அன்னிக்கு அதுதான் சண்டை" என்றார் டாக்டர். "ஸ்டீயரிங் ஒரு மாதிரி இழுக்குது, கத்துது, ஓட்ட பயமா இருக்குன்னா. எனக்கு வெளிய நாலு பேஷண்ட் காத்திருந்தாங்க. 'லைட்டுதான் இப்ப எரியலையே, அப்புறம் என்ன கோளாறு? உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்'னு கத்தினேன். அவ என் முகத்தையே பார்த்தா. அப்புறம், 'சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு சாவியை எடுத்துட்டுப் போயிட்டா." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நம்பிட்டுப் போனாம்மா. என் மேல கோவத்துல போகலை. நம்பிட்டுப் போனா."

சர்வேயரம்மா அவர் முகத்திலிருந்து கைகள் விலகும்வரை பொறுத்தார்.

"இன்னொண்ணும் இருக்கு டாக்டர். ஸ்டீயரிங் உறையோட தையல் அடிப்பக்கம் இருக்கணும். இப்ப வலது பக்கம் ஏறியிருக்கு. இடது பக்கம் வெறிகொண்டு இழுத்தாத்தான் உறை அப்படி வழுக்கிச் சுத்தும். அந்த வளைவும் இடது பக்கம்தான். சக்கரம் திரும்பலை. ஆனா தையல் போட்ட உறையே கழண்டு சுத்தற அளவுக்கு அவங்க இழுத்திருக்காங்க. சாகணும்னு போனவங்க அப்படி இழுக்க மாட்டாங்க."

டாக்டர் எழுந்தார். மேஜையில் இருந்த போனைப் பார்த்தார். "இதை என் பொண்ணுகிட்டச் சொன்னா அவ அம்மா அவளுக்குத் திரும்பக் கிடைப்பா. அப்பா போயிடுவான்."

"ஆமா."

"சொல்லாம இருந்தா?"

"நீங்க கேட்டது கத்தறது யாருன்னு. கண்டுபிடிச்சாச்சு. இது நான் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

லொடுக்கு போய் எடுத்துவந்த சர்வேயரம்மாவின் காரில் போனார்கள். மச்சான் வீட்டு வாசலில் விளக்குப் போடும் நேரம். கதவைத் திறந்தது மகள்தான். அப்பாவைக் கண்டதும் உள்ளே திரும்பினாள். டாக்டர் படிக்குக் கீழே, ஈரத்தில் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். டேப்பைச் சொன்னார். போன் பண்ணியதைச் சொன்னார். 'உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்' என்றதையும் விடவில்லை. எதையும் பூசி மெழுகவில்லை. உள்ளிருந்து வந்த மச்சான் பாதியிலேயே பாய்ந்து டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"மாமா, விடுங்க" என்றாள் மகள். "அவர் முடிக்கட்டும்."

முடித்தார். உறையைப் பற்றி மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அதைச் சர்வேயரம்மா சொன்னார்.

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் சர்வேயரம்மாவிடம் கேட்டாள்.

"அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா ஆன்ட்டி? யாரும் என்னைக் கூட்டிட்டுப் போகலை."

"நானும் வரலாமா?" என்றார் டாக்டர்.

"பின்னாடி உக்காருங்க" என்றாள் மகள்.

வளைவில் மழை விட்டிருந்தது. ஏரியில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. புதிதாக நட்ட தடுப்புக் கல் மற்றவற்றைவிட வெள்ளையாகத் தெரிந்தது. மகள் அதன் அருகே போய்ச் சரிவை எட்டிப் பார்த்தாள். சர்வேயரம்மா அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கையை வைத்துக்கொண்டார், தொடாமல்.

"அம்மாவுக்கு அப்ப ரொம்ப பயமா இருந்திருக்குமா?"

சர்வேயரம்மா பொய் சொல்லிப் பழகாதவர். "இருந்திருக்கும்மா. ஆனா கடைசி வரைக்கும் கையை விடலை. உன்கிட்ட வந்துடணும்னுதான் இழுத்திருக்காங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். எட்டு மாதத்தையும் சேர்த்து அழுதாள். லொடுக்கு காரின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான்.

டாக்டர் கார்க் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார். கிட்டே போகத் துணிவில்லை. வெளிச்சம் முழுக்கப் போகும் நேரத்தில் மகள் திரும்பாமலே கூப்பிட்டாள்.

"அப்பா. இங்க வா."

அவர் போனார். அவள் பக்கத்தில் நின்றார். வாயைத் திறந்தார்.

"பேசாத. ஒண்ணும் சொல்லாத" என்றாள் அவள். "சும்மா நில்லு."

அவர் நின்றார்.